மடித்து வைத்த இருட்டு

முழக்கோல் என்ற பட்டப்பெயரை அவருக்கு முதலில் வைத்தது யார் என்பதில் அந்தக் குடும்பத்துக்குள் இன்றைக்கும் வழக்கு தீரவில்லை. அவர் அம்மாவின் கடைசித் தங்கை, வாய்க்குப் பூட்டே இல்லாத சித்தி, "நான்தான் வச்சேன்" என்பாள். பெண்டாட்டி வழி ஆட்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பேர் வந்த கதையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் சொல்லும். தலைப்பிள்ளை பிறந்த அன்று மனுஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நர்ஸக்கா துணியில் சுற்றிய பிள்ளையோடு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை. தாய்க்கு எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. "எவ்வளவு நீளம்க்கா?" என்று கேட்டார்.

"ஏம்ப்பா, இது என்ன ஜன்னல் பலகையா? பொம்பளப் பிள்ளை. பிடி," என்று கையில் கொடுத்தாள் நர்ஸக்கா.

அவர் பிடித்தார். பிடித்ததும் தேம்பித் தேம்பி அழுதார் என்பதைச் சித்தி மட்டும்தான் சொல்வாள்.

எதையும் அளந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு அப்பா வழியாக வந்தது. அப்பா கதவும் ஜன்னலும் செய்த தச்சர். பெண்டாட்டி வேறு யாருமில்லை, தாய்மாமன் மகள்தான், இரண்டாவது மகள். முதலில் மூத்தவளைத்தான் கேட்டார்கள். "அந்த அத்தான் என்னைப் பாக்குறப்போ எல்லாம் நிலையில தலை இடிக்குமான்னு பாக்குற மாதிரியே இருக்கு" என்று சொல்லி அவள் வேறு இடம் போய்விட்டாள். இரண்டாவது மகள் குட்டையாக இருந்தாள், எந்த நிலையிலும் இடிக்காது, சரி என்றாள். அவளோடு அவள் தம்பியும் வந்து சேர்ந்தான். அக்காவைக் கொண்டுவந்து விட வந்தவன், சாப்பாடு பிடித்துப்போய் அப்படியே கடையில் கண்ணாடி வெட்ட உட்கார்ந்துவிட்டான். அவனைத் தெருவில் எல்லோரும் மச்சினன் என்றே கூப்பிட்டார்கள். தெருவுக்கே மச்சினன்.

கடை என்றால் படத்துக்குச் சட்டம் போடும் கடை. ஒரு பக்கம் சைக்கிள் கடை, இன்னொரு பக்கம் இஸ்திரிக்காரம்மாவின் மேசை. உள்ளே நுழைந்தால் சுவரோரம் சட்டக் கட்டைகள் நீள நீளமாகச் சாய்ந்து நிற்கும். நடுவில் வேலை மேசை. அதன் மேல் மூலை வெட்டுகிற அச்சுப்பெட்டி, சின்னச் சுத்தியல், வாயில் கவ்வுவதற்கென்றே இருக்கும் குட்டி ஆணிகள். பெண்டாட்டி பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கண்ணாடி துடைப்பாள். மச்சினன் வைரமுனையால் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டுவான். எறும்பு தும்மின மாதிரி ஒரு சத்தம் வரும், கண்ணாடி இரண்டாகும்.

முழக்கோல் வாழ்நாளில் எத்தனையோ படங்களைக் கையில் எடுத்தார். ஆனால் ஒரு படத்தையும் அவர் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஓரம். சட்டத்துக்குள் படத்தை வைக்க ஒரு பள்ளம் இழைத்திருக்கும். நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடும். எந்தப் படமும் சட்டத்துக்குக் கொஞ்சம் காணிக்கை வைக்க வேண்டும் என்பார். காணிக்கை சில சமயம் கூடிவிடுவதும் உண்டு. செய்து வைத்த சட்டம் சின்னதாக இருந்தால் படத்தின் அடியை மடித்துவிடுவார். அதனால் அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணப் படத்திலும் யாருக்கும் பாதம் கிடையாது. "எங்க தாத்தா செருப்புப் போட்டிருந்தாரா இல்லையான்னு முழக்கோலுக்கு மட்டும்தான் தெரியும்" என்று சைக்கிள் கடைக்காரர் சொல்வார். யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. முகம் இருந்தது, அது போதும்.

அதே தெருவில் குடியிருந்த நர்ஸக்காவின் படம் ஒருநாள் கடைக்கு வந்தது.

அது காகிதப் படம் இல்லை. கித்தான் துணியில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டியது. நர்ஸக்காவின் அண்ணன் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, படுக்கைக்குள் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தார். தங்கச்சிக்கு மிட்டாய் வாங்கி வருவார் என்று வீடே காத்திருக்க, மனுஷன் ஒரு மலையைக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். மலை நின்றது, நர்ஸக்கா வீட்டு முன்னறையில், வாசலைப் பார்த்த மாதிரி. பழைய சட்டத்தைச் செல் அரித்து ஒரு மூலை உதிர்ந்ததும், "தம்பி, நல்ல கட்டையா ஒண்ணு போட்டுக் கொடு" என்று கொடுத்து அனுப்பினாள்.

முழக்கோலின் மூன்று பிள்ளைகளையும் இந்த உலகத்துக்கு எடுத்துக் கொடுத்த கை அது. நல்ல கட்டை என்ன, இருப்பதிலேயே உசத்தியானதைப் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கடையில் ஒரு சட்டம் இருந்தது. யாரோ ஒரு பெரிய மனுஷர் தன் உருவப்படத்துக்குச் செய்யச் சொல்லிவிட்டு வராமலே போனது. நாலு மூலையிலும் பூவும் கொடியும் செதுக்கி, பொன் பூச்சுப் பூசி, கடைக்குள்ளேயே ஒரு விளக்கு மாதிரி இருந்தது. மேசையில் அதைப் படுக்க வைத்து, மேலே மலையை வைத்துப் பார்த்தார்கள்.

"படம் உயரம் ஜாஸ்தி அத்தான்," என்றான் மச்சினன். "ஒரு சாண் நீட்டிக்கிட்டு நிக்குது."

"மேல மடிச்சா மலை உச்சி போயிடும். கீழ என்ன இருக்கு, பாரு."

மச்சினன் குனிந்து பார்த்தான். "ஒண்ணும் இல்ல. இருட்டு."

"இருட்டுதானே? அது உள்ள போனா யாருக்கு நஷ்டம்?"

கித்தானை வெட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. வெட்டுவது பாவம், மடிப்பது வேலை, அவ்வளவுதான் அவர் கணக்கு. துணியை இழுத்துக் கட்டப் புதிதாக உள்கட்டை அடித்து, அடிப்பக்கத்து இருட்டைக் கட்டையைச் சுற்றிப் பின்னால் இழுத்து மடித்தார். மடிக்கும்போது சருகை மிதித்த மாதிரி மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. கேட்டது அவருக்குத் தெரியும். கேட்காத மாதிரி பசை தடவி ஆணி அடித்தார்.

மாட்டப் போன அன்று நர்ஸக்கா வேலையில் இருந்தாள். சாவி எப்போதும் இஸ்திரிக்காரம்மாவிடம்தான் இருக்கும். அவரும் மச்சினனும் மாட்டிவிட்டு, எட்டி நின்று சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். நேராக இருந்தது. பொன் பூச்சு தகதகவென்று இருந்தது. அக்கா பார்த்ததும் வாயைப் பிளக்கப் போகிறாள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள் காலையில் நர்ஸக்கா கடைக்கு வந்தாள். முழக்கோல் கட்டை வாங்கப் போயிருந்தார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த பெண்டாட்டியிடம் நிதானமாகச் சொன்னாள்: "உன் வீட்டுக்காரர் கிட்ட சொல்லும்மா. மாட்டியிருக்கிறது என் படம் இல்ல. என் படத்தைக் கொடுத்துடச் சொல்லு."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் இஸ்திரிக்காரம்மாவின் பெட்டி சட்டையின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சட்டை கருகினதும், சேதி தெரு முனை வரைக்கும் போனதும் ஒரே நேரத்தில் நடந்தது.

முழக்கோல் திரும்பி வந்ததும் கேட்டார். கட்டையைப் போட்டது போட்டபடி, அளவுகோலை எடுத்துக்கொண்டு நர்ஸக்கா வீட்டுக்கு ஓடினார்.

"அக்கா, என்னக்கா இது? நான் மாத்துவேனா? என் பிள்ளைங்க மேல ஆணையா..."

"ஆணை எல்லாம் எதுக்கு? பிள்ளைங்களை நான்தானே எடுத்தேன், அதுங்களை ஏன் இழுக்குற? உக்காரு அந்த நாற்காலியில. பாரு. என் மலை இவ்வளவுதானா?"

அவர் உட்கார்ந்தார், பார்த்தார். பனி மூடிய உச்சி, கீழே தோள் தோளாக மலைகள், கொஞ்சம் மூட்டம், வலது பக்கம் மேகம். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. எழுந்து போய் உச்சியிலிருந்து மூட்டம் வரைக்கும் கோலை வைத்தார். "பாருங்கக்கா, மலை மலையாத்தான் இருக்கு. கீழ மட்டும் கொஞ்சம் மடிச்சிருக்கேன், சட்டத்துக்காக. வெறும் கருப்புக்கா. அதுல ஒண்ணுமே இல்ல."

"கருப்பை யாரு கேட்டா? நான் மலையைக் கேக்குறேன். என் மலை சின்னதாப் போச்சு."

"மலை எப்படிக்கா சின்னதாகும்?"

நர்ஸக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"நான் எங்க இருந்து வருவேன்னு உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை கத்தல், எத்தனை ரத்தம். சில நாள் பிள்ளை தங்காது. அந்தத் தாயோட முகம் கண்ணுக்குள்ளயே நிக்கும். வீட்டுக்கு வந்து இந்த மலை முன்னாடி உக்காருவேன். கொஞ்ச நேரத்துல அது என்னை ஒரு தூசி ஆக்கிடும். நிஜமாத்தான் சொல்றேன். தூசி தலையில யாராவது மூட்டை ஏத்துவாங்களா? எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டு, எழுந்து சோறு வடிப்பேன். நேத்து உக்காந்தேன். அது பாட்டுக்கு எனக்குச் சமமா உக்காந்திருக்கு, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. முன்னாடி இருந்தது மலை. இது மலையோட படம். உன்னை நான் திருடன்னு சொல்லல தம்பி. யார் கிட்டயாவது கைமாறிப் போயிருக்கும். தேடிக் கொடு."

"இதுதான்க்கா உங்க படம்."

"அப்போ அந்த மடிப்பைப் பிரிச்சுக் காட்டு. பழையதுல கீழ ஓரத்துல எங்க அண்ணன் பெட்டிச்சாவி கீறின தழும்பு ஒண்ணு இருக்கும். அது இருந்தா நம்புறேன்."

அந்தச் சருகுச் சத்தம் இப்போது முழக்கோலின் காதுக்குள் கேட்டது. பழைய எண்ணெய் வர்ணம் அப்பளம் மாதிரி. ஒரு தடவை மடித்ததே தப்பு. திருப்பிப் பிரித்தால் எவ்வளவு உதிருமோ, யார் கண்டது? "பிரிச்சா படம் கெட்டுடும்க்கா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

தரையைப் பார்த்துப் பேசுகிறவனை யார் நம்புவார்? நர்ஸக்கா கோலை எடுத்து அவர் கையில் கொடுத்து வாசல் வரைக்கும் வந்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதன் பிறகு கடைக்கு ஒரு புது மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். புதிதாகச் சட்டம் போட யாரும் வரவில்லை, போட்ட படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தன் மாமனார் படத்தை மேசையில் வைத்து, "இது அசல் மாமனார்தானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றார்.

"சந்தேகமா இருந்தா கடன் கேட்டுப் பாருங்க. முறைச்சா அசல்," என்றான் மச்சினன்.

வந்தவர் சிரித்தார். முழக்கோல் சிரிக்கவில்லை. சித்தி ஊர் விட்டு ஊர் ஆள் அனுப்பி, "நம்ம வம்சத்துல இப்படி ஒரு பேர் யாரும் எடுத்ததில்ல" என்று சொல்லி அனுப்பினாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டையில் கோடு போட்டால் கோணிக்கொண்டு போனது. ஒரே சட்டத்தின் மூலையைத் திரும்பத் திரும்பத் தப்பாக வெட்டினார்.

பெண்டாட்டிதான் ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரத்தில், கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க, நீங்க மாத்தல. அது எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு பொய் சொல்லணும்னா ரெண்டு நாள் முன்னாடியே காய்ச்சல் வந்துடும். பின்ன ஏன் பிரிச்சுக் காட்ட மாட்டேங்கிறீங்க?"

அவர் சருகுச் சத்தத்தைச் சொன்னார். மெதுவாக, யாரோ செய்த குற்றத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"அப்போ மடிக்கும்போதே உடைஞ்சிருக்கு."

"ம்."

"பிரிச்சா தெரிஞ்சுடும்."

"ம்."

"பிரிக்கலைன்னா திருடன். பிரிச்சா கை தப்பின வேலைக்காரன். கை தப்பின பேர் உங்களோட போயிடும். திருடன் பேர் பிள்ளைங்க வரைக்கும் வரும். அந்தக்கா தினமும் அந்த நாற்காலியில உக்காந்து எழுந்து போறாங்களே, அதையும் யோசிங்க. எழுந்திரிங்க."

அவர் எழுந்தார்.

நர்ஸக்காவுக்கு விடுப்பு நாளில், வெயில் ஜன்னல் வழியாக அறைக்குள் இறங்கிய நேரத்தில், முழக்கோலும் பெண்டாட்டியும் மச்சினனும் போனார்கள். முன்னறையில் மேசையை இழுத்துப் போட்டு மேலே போர்வை விரித்தார்கள். பொன் சட்டத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். படத்தை முகம் கவிழ்த்துப் படுக்க வைத்துவிட்டு, நர்ஸக்காவைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, உள்ள உடைஞ்சிருக்கு. நான்தான் உடைச்சேன். மடிக்கும்போதே தெரியும், சொல்லல. அதைப் பாத்துட்டு என்ன வேணா சொல்லுங்க."

நர்ஸக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பிரி," என்றாள்.

ஆணிகளைப் பிடுங்கினான் மச்சினன். பசை இறுகிப் போயிருந்தது. ஈரத்துணியை வைத்து வைத்து எடுத்தார்கள், அது விடவில்லை. கொஞ்சம் இளஞ்சூடு வேண்டும் என்றார் முழக்கோல். சொல்லி வாய் மூடவில்லை, ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல்.

"பெட்டியை எடுத்துட்டு வரட்டா?"

இஸ்திரிக்காரம்மா! எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ.

"வாங்க, வாங்க," என்றாள் பெண்டாட்டி. "வெளிய நின்னு கேட்டா பாதிதான் கேக்கும். அப்புறம் மீதியை நீங்களே போட்டுக்கணும். எவ்வளவு சிரமம்."

இஸ்திரிக்காரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியோடு வந்து, அதைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சூடு பார்த்து, "பட்டுக்கு வைக்கிற சூடு. இது போதும்," என்றாள். துணி மேல் துணி போட்டு, மடிப்பின் முதுகில் பெட்டியை வைத்து எடுத்தாள், வைத்து எடுத்தாள். முழக்கோல் விரல் நகத்தால் பசையை நெம்பிக்கொண்டே போனார். பிரசவ வீட்டில் நிற்கிற மாதிரி எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸக்கா தன்னை அறியாமல், "மெதுவா... அவசரப்படாதே... தானா வரும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மடிப்பு விட்டது.

படத்தைத் திருப்பினார்கள். மடித்த இடத்தில், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், நூல் கிடந்த மாதிரி ஒரு வெடிப்பு. ஒரு இடத்தில் கடுகளவு வர்ணம் உதிர்ந்து போர்வையில் கிடந்தது. அதற்குக் கீழே, ஓரத்தில், சாவி கீறின தழும்பு. அவர் வெடிப்பைத்தான் முதலில் காட்டினார். "இது," என்றார்.

நர்ஸக்கா தழும்பைத் தொட்டாள். வெடிப்பைத் தொடவில்லை. "தூக்கி மாட்டு," என்றாள். "சட்டம் வேண்டாம். சும்மா அதோட இடத்துல பிடிங்க."

மச்சினன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஸ்டூல் மேல் ஏறி இன்னொரு பக்கம், படத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார்கள். முழக்கோல் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். நாற்காலி முழங்காலின் பின்பக்கம் இடித்தது, உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

கீழே அந்த இருட்டு. அதில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன இருட்டு. அது பாறை. அகலமான, ஈரம் காயாத ஒரு பாறை, அவர் பாதத்தில் ஆரம்பிக்கிற மாதிரி ஆரம்பித்து, கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று முடிந்தது. முடிந்த இடத்துக்கு அப்பால் தரை இல்லை. இடது பக்கம் இரண்டு முரட்டு மரங்கள் அந்தப் பாறையைக் கவ்விக்கொண்டு நின்றன. மடித்திருந்தபோது அவை வெறும் கிளைகள், எங்கிருந்தோ நீட்டிக்கொண்டிருந்தன. இப்போது வேர் தெரிந்தது. வேர் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தாலே அங்கே காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தது. பாறைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு, அதில் மூட்டம் பால் பொங்கின மாதிரி நிரம்பியிருந்தது. அந்த மூட்டத்துக்கு அடி எங்கே என்று படம் சொல்லவில்லை. அதற்கும் அப்பால் ஒரு மலைத்தோள், அது கருநீலம். அதற்குப் பின்னால் இன்னொன்று, சாம்பல். இன்னொன்று, சாம்பலிலும் பாதி. ஒவ்வொன்றும் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உதறிவிட்டுப் பின்னால் போய் நின்றது. எல்லாம் போய் முடிந்த இடத்தில், யாரும் எதிர்பார்க்காத உயரத்தில், நடுவிலும் இல்லாமல் சற்று இடப்பக்கம் ஒதுங்கி, அந்த வெள்ளை உச்சி. அதன் ஒரு கன்னத்தில் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் படத்துக்குள் எங்கும் இல்லை.

மாடிக் கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவர் போலக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எழுந்து போய், கருவிகளைச் சுற்றிக் கொண்டுவந்த பழுப்புக் காகிதத்தை எடுத்து, கீழ் இருட்டை மறைத்தார். மலை அப்படியே இறங்கி வந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. காலண்டர் மலை. காகிதத்தை எடுத்தார். மலை ஒரே மூச்சில் பின்வாங்கி, எழுந்து, தலைக்கு மேல் போய் நின்றது. மறுபடி மறைத்தார். மறுபடி எடுத்தார். அது ஒவ்வொரு தடவையும் எழுந்தது.

"அத்தான், கை வலிக்குது," என்றான் மச்சினன் படத்தின் ஓரத்திலிருந்து. "ஒரு மலையை எவ்வளவு நேரம்தான் தூக்கிப் பிடிக்கிறது?"

"பேசாம பிடிடா."

"என்னங்க பண்றீங்க?" என்றாள் பெண்டாட்டி.

"நீ இங்க வந்து பாரு. நான் பிடிக்கிறேன்." அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பெண்டாட்டி வந்தாள். அவர் ஒரு கையால் படத்தைப் பிடித்து மறு கையால் காகிதத்தை மறைத்து எடுத்துக் காட்டினார். அவள் "அம்மாடி!" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு மச்சினனை நகர்த்திவிட்டு அவனைப் பார்க்கச் சொன்னார்கள். அவன் ஏதாவது கேலியாகச் சொல்வான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் கீழே இருந்து மேலே பார்த்தான். கழுத்து தானாக நிமிர்ந்தது. மறுபடி போய்ப் படத்தைப் பிடித்து, உள்கட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டி நிறுத்தினான்.

"நாம நிக்கிற இடத்தை மடிச்சுட்டேன்க்கா," என்றார் முழக்கோல். "மலையில நான் கை வைக்கல. மலையைப் பாக்குறதுக்கு நமக்கு ஒரு இடம் வச்சிருக்கான் வரைஞ்சவன். இந்தப் பாறை. இங்க நின்னாத்தான் அது அவ்வளவு தூரம். அவ்வளவு தூரம் போனாத்தான் அது அவ்வளவு உயரம். இது இருட்டா இருக்கிறதாலதான் அந்த ஒரு கன்னம் அப்படி வெளுப்பா இருக்கு. நான் இதைப் போய்..." கையிலிருந்த காகிதத்தைக் கீழே போட்டார். "எத்தனை படத்துல எதை எல்லாம் மடிச்சேனோ."

இஸ்திரிக்காரம்மா அதுவரைக்கும் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஒரு மூலையில் நின்றிருந்தாள். இப்போது அறை நடுவுக்கு வந்தாள். வந்தவள் ஒரு அடி பின்னால் வைத்து, இன்னொரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, விழுந்துடப் போறேன்," என்றாள். பிறகு, தெருவில் யாருமே அவளிடம் கேட்டிராத தணிந்த குரலில், "அங்க ஒருத்தருமே இல்லையேக்கா. எப்படித் தனியா இதைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

"ஒருத்தரும் இல்லாததுதான் நல்லது," என்றாள் நர்ஸக்கா. "நாள் முழுக்க ஆளுங்கதானே."

அவள் வெடிப்புக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். பாறையின் மேல் குறுக்காக ஓடியது அது. முழக்கோல் அவசரமாக, வர்ணம் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், கேட்டு அடைக்கச் சொல்கிறேன், படத்துக்கு ஏற்ற உயரத்தில் புதுச் சட்டம் செய்கிறேன், பொன் பூச்சு வேண்டாம், வெறும் கருங்கட்டை, ஓரத்தில் ஒரு நூல்கூட உள்ளே போகாமல் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"சட்டம் செய். இதை விடு," என்றாள் நர்ஸக்கா. "வயித்துல கீறின தழும்பை நான் எத்தனை பார்த்திருக்கேன். ஆறினா போதும், மறைக்கத் தேவையில்ல." பிறகு நிமிர்ந்து, இஸ்திரிக்காரம்மாவுக்கும் கேட்கும்படி, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "இது என் படம்தான். யாரும் மாத்தல. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன் தம்பி. மனசுல வச்சுக்காதே."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். வார்த்தை வந்துவிட்டது. அவர் மறுபடி நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி அவர் தோளைத் தட்டினாள்.

"என்னங்க, அக்கா சொல்றாங்கல்ல. காது கேக்கலையா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு," என்றார் அவர், மலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்கா, அந்த வலது பக்கத்து மேகம் இருக்கே. மழை இனிமேதான் வரப் போகுதா, இல்ல பெஞ்சு முடிஞ்சுதா?"

"இத்தனை வருஷமா பாக்குறேன், எனக்கே தெரியல," என்றாள் நர்ஸக்கா. பெண்டாட்டி ஏறி நின்ற ஸ்டூலை நர்ஸக்காவே இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். "கொஞ்சம் நகரு. எனக்கும் இடம் விடு."